துவைக்கிற கல்

என் கட்டிடத்தில் துணி துவைக்கிற கல் கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. இரண்டாம் மாடி எழுப்பியபோது பெயர்த்தெடுத்துச் சூளகிரிக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டேன். அந்த இல்லாத கல்லில் மாடி வீட்டு ஜோதிமணி நான்கு வருஷத்தில் பதினோரு தடவை வழுக்கி விழுந்தாள். புருவம், தாடை, முழங்கை, இடது மணிக்கட்டு மட்டும் இரண்டு முறை. எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் என் குட்டியானை வண்டியில் அவளை ஏற்றிப் போனவன் நான் என்பதால் எண்ணிக்கையில் தவறு இருக்காது.

கட்டிடம் ஓசூர் சிப்காட்டுக்குப் பின்புறம். கீழே என் கடை; தக்காளிக்காரர்களுக்கு பிளாஸ்டிக் பெட்டி, அதாவது கிரேட், வாடகைக்கு விடுகிற தொழில். மேலே ஆறு குடித்தனம், ஆறும் ஆறு ஜில்லா. சண்டை அவரவர் ஊர்த் தமிழில் நடக்கும், சமாதானம் பேச கன்னடமோ தெலுங்கோ வந்துதான் ஆகவேண்டும். காலையில் கம்பெனி பஸ் ஒவ்வொன்றாக வந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போகும். பிறகு ரோஜாப் பண்ணை வேன் வந்து பெண்களை அள்ளும். அதற்கப்புறம் கட்டிடத்தில் மிஞ்சுவது நானும் என் வீட்டுக்காரி சுஜாதாவும், மேலே ஜோதிமணியின் புருஷன் பெரியதம்பியும்தான்.

பெரியதம்பிக்கு மணப்பாறைப் பக்கம். ஜோதிமணிக்குக் கரூர். என்னிடம் குடிவந்தது நாலு வருஷத்துக்கு முந்தி, ஒரு மார்கழிப் பனியில். ஒரு இரும்பு பீரோ, ஒரு கிரைண்டர், எட்டு வயசு மகள் யுவஸ்ரீ, மொட்டைத் தலையில் பூரான் ஊர்ந்த மாதிரி தையல் போட்ட ஒரு மனுஷன். அவ்வளவுதான் சாமான்.

ஃபோர்ஜிங் கம்பெனியில் பழுக்கக் காய்ந்த இரும்பைச் சுத்தியலுக்கு அடியில் கொடுத்து வாங்குகிற வேலை அவருக்கு. சுத்தியல் இறங்கினால் ரோட்டுக்கு எதிர்ப்பக்க டீக்கடையில் கிளாஸ் ஆடும். ஒரு நாள் கிரேன் கொக்கி சங்கிலியோடு வீசி வந்து நெற்றியில் அறைந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது; அதற்குள் இருந்த எலும்பும் அப்படியே. பக்கத்தில் நின்றவன் முகமெல்லாம் ரத்தம் தெறித்ததில், அடிபட்டவன் அவன்தான் என்று முதலில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். நாற்பது நாள் நினைவில்லை. பிழைத்து வந்தபோது மெடிக்கல் போர்டு அறுபது சதவீத ஊனம் என்று தற்காலிகமாக எழுதியது. மாதாமாதம் தொகை வரும், சில வருஷம் கழித்து மறுபடி பார்த்து முடிவு செய்வோம் என்றது. கை கால் எல்லாம் சரியாக இருந்தது. கெட்டுப்போனது நெற்றிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத இடத்தில்.

விபத்துக்கு முந்தின பெரியதம்பியை நான் பார்த்ததில்லை. ஜோதிமணி சொல்லித்தான் தெரியும். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கையில் கொடுப்பவர். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. "எம் மேல ஒரு துரும்பு பட விட்டதில்லீங்ணா. அந்தக் கொக்கிதானுங் எல்லாம்" என்பாள். நானும் அப்படியே நம்பினேன்.

முதல் தடவை காரணம், களி. சுஜாதா ஆசையாகக் களி கிண்டி, கீரைக்கடைசலோடு மேலே கொடுத்தனுப்பினாள். உருண்டை சூடாக இருந்தது. அது போதுமாக இருந்தது. ஜோதிமணி சட்டி கழுவத் திரும்பியபோது துடுப்புக் கட்டையால் புருவத்தில் ஒன்று, விழுந்ததும் முதுகில் நாலு. சத்தம் கேட்டு நான் ஏறிப் போனபோது அவர் சுவரோரம் உட்கார்ந்து களியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். அவள் புருவம் வாய் மாதிரித் திறந்திருந்தது. யுவஸ்ரீ கட்டிலுக்கு அடியில்.

வண்டியில் போகும்போது, ஆஸ்பத்திரியில் என்னம்மா சொல்வது என்று கேட்டேன். ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, அவள் யோசிக்கவே இல்லை.

"துவைக்கிற கல்லுல வழுக்கிட்டேன்னு சொல்லிக்கலாமுங்ணா."

நான் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் வளர்ந்தவன். காலையில் கண் விழித்தது முதல் பொய் கேட்டு வளர்ந்த காது இது. நல்ல பொய் எது, நொள்ளைப் பொய் எது என்று வாசனையிலேயே தெரியும். சின்னதாக, யாரும் போய்ப் பார்க்க முடியாததாக, கேட்டவன் அடுத்த கேள்வியை மறந்துவிடுகிற மாதிரி இருந்தது அவள் சொன்னது. கரூர்க்காரி கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன். கல்லே இல்லாத வீட்டுக்கு அந்தப் பொய் எப்படி அத்தனை வேகமாக வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது பெரியதம்பி தரையெல்லாம் பினாயில் ஊற்றித் துடைத்து வைத்திருந்தார். அவள் புருவத்துத் தையலைப் பார்த்து அழுதார். என்னிடம், "நான் எதுக்குண்ணே அடிச்சேன்?" என்றார். தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்பவர் மாதிரியே கேட்டார்.

மூன்றாவது தடவை ஒன்று நடந்தது. தாடை வீங்கி வாய் திறக்க முடியாமல் இருந்தவள், சீட்டு எழுதுகிறவரிடம், "அவருதான் சார்" என்று ஆரம்பித்துவிட்டாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்டவர் இல்லை, இரக்கப்பட்டுத்தான் பேசினார்.

"யோசிச்சுச் சொல்லும்மா. நான் எழுதிட்டா போலீசு வரும். உன் ஊட்டுக்காரரு ஏற்கெனவே தலையில அடிபட்ட மனுஷன். போன தடவை கல்லுன்னுதான சொன்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு வெளியே நாற்பது கிரேட் காத்திருந்தது. "கல்லுதான் சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் அவள் யோசிக்காமலே கல் என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

பெரியதம்பியின் மாதாந்திரப் பரிசோதனையிலும் அதே கதை. வலிப்பு வருகிறதா, தூக்கம் வருகிறதா, கோபம் வருகிறதா என்று டாக்டர் கேட்பார். பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க, அவள் என்ன சொல்வாள்? நல்லா இருக்காருங்க என்பாள். நாற்பத்தெட்டு மாதம், நாற்பத்தெட்டு தடவை. ரோஜாப் பண்ணையில் கூடவே முள் உருவுகிற பெண்கள் அவள் முழங்கையைப் பார்த்துக் கேட்டால், முள் கீறிவிட்டது என்பாள். ஊமைக்காயத்தை முள் மேல் போட முடியாது. அதற்குக் கல் இருந்தது.

இந்த ஆடி மாசம் போர்டிலிருந்து கடுதாசி வந்தது. மறுபரிசீலனை. எல்லா மருத்துவ ஆதாரங்களோடும் ஆஜராகவும். ஜோதிமணி அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். யூனியன் ஆள் விஜயகுமாரைக் கூப்பிட்டேன். முன்பு அதே கம்பெனியில் வேலை பார்த்து, கேஸ் போட்டுப் போட்டுச் சட்டம் கற்றவன். பெரியதம்பியின் பரிசோதனைச் சீட்டுக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு ஈரம் பட்ட பட்டாசு மாதிரி ஜோதிமணியைப் பார்த்தான்.

"என்னாங்கக்கா இது. புண்ணு ஆறிடுச்சு, வலிப்பு மாத்திரையில நின்னுடுச்சு, குணம் நல்லா இருக்குதுன்னு மாசாமாசம் நீங்களே சொல்லி எழுத வெச்சிருக்கீங்க. இதைப் பாத்தா எவன் அறுபது போடுவான்? நாளைக்கே வேலைக்கு வான்னு கூப்புடுவான் கம்பெனி."

"மாலை போட்டு வரவேற்பாங்க" என்றாள் சுஜாதா, வெங்காயம் அரிந்துகொண்டே. "பழுத்த இரும்பும் இடுக்கியும் கையில குடுத்து நிக்க வெச்சா, அப்பறம் அடிக்கிறதுக்கு ஆளு பஞ்சமா?"

விஜயகுமார்தான் வழி சொன்னான். இந்தக் காயம் ஆளின் குணத்தையே மாற்றிவிடும் என்று மூளை டாக்டர்களே சொல்கிறார்கள். அதை நிரூபித்தால் போதும். நிரூபணம் பெரியதம்பியின் உடம்பில் இல்லை, ஜோதிமணியின் உடம்பில் இருக்கிறது. அவளுடைய பத்து ஆஸ்பத்திரிச் சீட்டும் அடி என்று காட்டவேண்டும்.

"எல்லாத்துலயும் கல்லுன்னு போட்டிருக்குதே" என்றேன்.

"உங்க கட்டிடத்துல கல்லு இருக்குதாண்ணா?"

"இல்ல."

"அப்ப அதை எழுதிக் குடுங்க. ஊட்டு ஓனரு நீங்க. கல்லே இல்லாத எடத்துல எப்படி உழுவாங்க?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. சொந்தச் சரக்கின் சொத்தையைக் காட்டி விலை ஏற்றுகிற வியாபாரத்தை நான் அதுவரை கண்டதில்லை.

ஜோதிமணி ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் முன்னால் புருஷனை நிறுத்தி அடிக்கிறவன் என்று சொல்வதா என்று கேட்டுவிட்டு மேலே போனாள். மாடிப்படியில் நின்று இதையெல்லாம் பெரியதம்பி கேட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. பகல் பன்னிரண்டு மணி. நானும் விஜயகுமாரும் கிரேட் ஏற்றிக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து வந்தது அலறல் இல்லை. பீரோக் கதவு சாத்துகிற சத்தம். சாத்தி, திறந்து, மறுபடி சாத்துகிற சத்தம். நாங்கள் ஏறிப் போனபோது அவள் வலது கை விரல் நாலும் கதவிடுக்கில் இருந்தன. அவர் தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் கூட இல்லை. சரியாக மூடாத கதவை மூடுகிறவனின் கவனம்தான் இருந்தது. விஜயகுமார் இடுப்பைப் பிடித்து இழுத்தான், முழங்கையால் நெஞ்சில் வாங்கினான். நான் கிரேட்டால் அடித்துத்தான் அவரை விலக்க முடிந்தது. இரண்டு விரல் நொறுங்கியிருந்தது. நடுவிரல் நகம் பீரோவுக்குள், மடித்து வைத்த பள்ளிக்கூடச் சீருடை மேல் கிடந்தது.

அது பதினோராவது. வண்டியில் அவள் கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எழுதிக் குடுங்ணா. எனக்குச் சதவீதம் பெருசில்லீங். அடிக்கிறது அவரு இல்ல, அந்தக் காயந்தான்னு பெரிய டாக்டருங்க கையெழுத்துப் போட்டு ஒரு காயிதம் குடுக்கணும். அதை யுவஸ்ரீகிட்டக் காட்டணும். நானும் ஒருக்கா பாத்துக்கணும்."

ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் கல் என்றுதான் சொன்னாள். பழக்கம்.

என் பங்குக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். விபத்துக்கு முன்னால் கை நீட்டியதே இல்லை என்பதை மட்டும் விடாமல் சொல்லு. அதுதான் ஆணிவேர். தலையாட்டினாள்.

ராயக்கோட்டை மண்டியில் எல்லாரும் நல்ல பழத்தை மேலடுக்கில்தான் வைப்பார்கள். வாங்க வந்தவன் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அடிப்பழத்தை எடுத்துப் பார்ப்பான். பார்க்காமல் வாங்கினவனை மண்டியே சிரிக்கும். என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான். ஆஸ்பத்திரி ரிக்கார்டு அறையில் ஜோதிமணியின் பேரில் இருந்த சீட்டையெல்லாம் நகல் எடுத்து, நூல் கட்டிக் கொடுத்தார்கள். மேல் சீட்டைப் பார்த்தேன், பீரோக் கதவு விரல். கட்டின் கனம் பார்த்தேன். அப்படியே என் கடிதத்தையும் சேர்த்து உள்ளே வைத்தேன். அடியில் கை விடவில்லை.

போர்டு நாளன்று பெரியதம்பி சவரம் செய்து, கம்பெனி கொடுத்த சாம்பல் சட்டையைத் தேய்த்துப் போட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தார். மூன்று டாக்டர்கள். நடுவில் ஒல்லியான ஒரு அம்மா. இன்றைக்கு என்ன கிழமை, முதலமைச்சர் யார் என்றெல்லாம் கேட்டார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். இரண்டு வரைக்கும் இறங்கிவிட்டு, "அதுக்கு மேல கழிக்க முடியாது மேடம், கடன் வாங்கணும்" என்றார். டாக்டர்கள் சிரித்தார்கள். கல்யாணத்தில் பெண் வீட்டார் சிரிக்கிற சிரிப்பு. விஜயகுமார் என் காதில், கேஸ் அவ்வளவுதான் என்றான்.

பிறகு அவரை விஜயகுமாரோடு வெளியே அனுப்பிவிட்டு, ஜோதிமணியையும் என்னையும் வைத்துக்கொண்டார்கள். கட்டுப் போட்ட கையை மேசை மேல் வைத்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துடுப்புக்கட்டை, கிரைண்டர் மூடி, பீரோ. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. ரோஜாவை நீளம் பார்த்துப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அந்த அம்மா என் கடிதத்தைப் படித்துவிட்டு, நிஜமாகவே கல் இல்லையா என்றார். எட்டு வருஷமாக இல்லை மேடம் என்றேன். பேனாவைத் திறந்தார். ஏதோ எழுதினார். என் உள்ளங்கையில் வேர்வை. ஏலத்தில் நம் விலைக்கு மேல் யாரும் கேட்காமல் மூன்றாம் தரம் சொல்லப்போகிற நேரம் வரும் வேர்வை.

எழுதிக்கொண்டே இடது கையால் சீட்டுக் கட்டைப் புரட்டியவர், அடிச் சீட்டில் நின்றார். தேதியைப் பார்த்தார். பெரியதம்பியின் விபத்துத் தேதியைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"பன்னெண்டு இருக்கேம்மா. இது ஆறு வருஷம் முந்தினது. விபத்துக்கு ஒரு வருஷத்துக்கும் முன்னாடி. இதுலயும் துவைக்கிற கல்லுன்னு போட்டிருக்கு. இது எந்தக் கல்லு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பழைய வீடு மேடம், ஜூஜூவாடியில், அங்கே கல் இருந்தது, நிஜமாகவே விழுந்திருக்கிறாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் முதல் நாள் வண்டியில் யோசிக்காமல் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஜோதிமணி அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறியில் அது படபடத்தது.

"அந்த வூட்டுல கல்லு இருந்துச்சுங்க" என்றாள். கட்டுப் போட்ட கையைச் சீட்டின் மேல் வைத்து, "ஆனா நான் வழுக்கலீங்க."

அந்த அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அப்பெல்லாம் அவருக்குக் கை வலிச்சா நிறுத்திக்குவாருங்க. அடிபட்டதுக்கப்புறம் வலி தெரியறதில்ல போலிருக்குதுங். அவ்வளவுதானுங் வித்தியாசம்."

அந்த அம்மா பேனாவை மூடினார். தன்மையாகத்தான் சொன்னார். காயம் கொண்டுவந்த குணத்தைத்தான் காயத்தோடு சேர்த்து எழுத முடியும், முன்னாலேயே இருந்ததை எழுத முடியாது. ஸ்கேனில் தெரிவதற்கு இருபது போடலாம். விருப்பமில்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம். உனக்கு உதவி வேண்டுமானால் பெண்களுக்கான நம்பர் ஒன்று இருக்கிறது, எழுதித் தருகிறேன் என்றார். ஜோதிமணி அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். சீட்டுக் கட்டை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

திரும்பும்போது விஜயகுமார் பஸ் ஏறிவிட்டான். வண்டியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அவர் சன்னலோரம் பாட்டு முணுமுணுத்தபடி வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். யுவஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று இறங்கியவள், என் பக்கம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சாயங்கால மாத்திரை ரெண்டுங்ணா. ஆறு மணிக்கு. வெறும் வயித்துல குடுத்துறாதீங்."

அரை மணி காத்திருந்தோம். வாட்ச்மேன் வந்து, அந்த அக்கா பொண்ணோட பின்வாசல்ல போயி ஆட்டோ ஏறிட்டாங்களே என்றார்.

ஆறு மணிக்குச் சுஜாதா கொடுத்த இட்லியும் இரண்டு மாத்திரையும் எடுத்துக்கொண்டு நான் மேலே போனேன். இத்தனை வருஷம் படியேறி இறங்கியவன், எனக்கு என்ன வரப்போகிறது என்ற தைரியம். பெரியதம்பி வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"எங்கண்ணே அவ?"

"வந்துருவாங்க. மொதல்ல மாத்திரையைப் போடுங்க."

"நீங்கதானே ஏத்திக்கிட்டுப் போனீங்க. ஏத்திக்கிட்டுப் போனவரு எறக்கிவிட வேணாமாண்ணே?"

நியாயமான கேள்வி. பதில் தேடுவதற்குள் தண்ணீர்ச் சொம்பு வாயில் இறங்கியது. பித்தளைச் சொம்பு. வலி பிறகுதான் வந்தது, முதலில் வந்தது ஆச்சரியம். என்னையா? இரண்டாவது அடி காதோரம். மூன்றாவது விழுவதற்குள் படியில் உருண்டுவிட்டேன். கீழே சுஜாதா தூக்கியபோது ஒரு பல் என் சட்டைப் பைக்குள் விழுந்திருந்தது. மேலேயிருந்து அவர் கேட்டார், "ரொம்பப் பட்டுருச்சாண்ணே?" நிஜமான கவலையோடு.

இந்தத் தடவை வண்டியைச் சுஜாதாவின் தம்பி ஓட்டினான். ஆஸ்பத்திரியில் அதே ஆள், அதே மேசை.

"எப்படி ஆச்சுண்ணா?"

சத்தியமாகச் சொல்கிறேன், வாயில் முதலில் வந்தது அந்தக் கல்தான். ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினேன். மாடி வீட்டுக்காரர் அடித்தார் என்றேன். பெயர், நேரம், ஆயுதம் கேட்டு மளமளவென்று எழுதினார். உதட்டில் இரண்டு தையல் போடுவதற்குள் போலீஸ்காரர் வந்து நின்றார். பெரியதம்பியைக் கூட்டிக்கொண்டு போய், மறுநாள் மனநல வார்டில் சேர்த்தார்கள்.

விஜயகுமார் என் சீட்டின் நகலைப் பார்த்துவிட்டுத் துள்ளினான். மேல்முறையீட்டுக்கு இது ஒன்று போதுமாம். விபத்துக்கு முந்தி அறிமுகமே இல்லாத ஆளைக் காரணமே இல்லாமல் தாக்கியிருக்கிறார். காயத்தின் குணம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அறுபது என்ன, எழுபதே போடுவார்கள் என்றான்.

ஜோதிமணிக்குப் போன் செய்தேன். ரோஜாப் பண்ணை விடுதியில், கூட வேலை செய்கிற பெண்களோடு தங்கியிருந்தாள். பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. எல்லாம் சொன்னேன். தொகை வந்தால் அவர் வைத்தியத்துக்கு ஆகட்டும், நான் வரமாட்டேன் என்றாள். என் உதடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கஞ்சிதான் குடிக்கிறேன் என்றேன்.

"எழுதறவரு பழைய ஆளுதானுங்ளா?"

"அவரேதான்."

"நீங்க சொன்னதும் எழுதிக்கிட்டாருங்ளா?"

"உடனே எழுதிக்கிட்டாரும்மா."



"உங்களை யோசிச்சுச் சொல்லச் சொல்லலீங்ளாண்ணா?"